போனில் காட்டினால் போதுமா, டாக்டரம்மா?

வாசகர் கேள்விகள் – அறுவை சிகிச்சை மருத்துவரின் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி குடலிறக்கம் (ஹெர்னியா) பற்றியவை. அதிலும் பெரும்பாலானவை தொண்டியிலிருந்து சாயல்குடி வரை உள்ள கடற்கரை ஊர்க்காரர்கள் எழுதியவை. எல்லாருடைய கேள்வியும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகிறது: ஆஸ்பத்திரிக்கு அலையாமல் போனிலேயே முடித்துக்கொள்ள முடியாதா? ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி: என் வீட்டுக்காரர் ராமேஸ்வரத்தில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். ஒரு வருஷமாக வலது தொடை இடுக்கில் ஒரு புடைப்பு. நின்றால் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது. ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் 'ஒரு நாள் தொழில் போயிரும்' என்கிறார். போனில் போட்டோ எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்வீர்களா டாக்டரம்மா? – வாசகி, தங்கச்சிமடம்

அனுப்புங்கள் தங்கச்சி, பார்க்கிறேன். ஆனால் போட்டோவை வைத்து என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்பதை முதலிலேயே பேசிவிடுவோம்.

நின்றால் வருகிறது, படுத்தால் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அந்த ஒரு வரியிலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. வயிற்றுச் சுவரில் பலவீனமான ஓர் இடம் விட்டுக்கொடுத்து, அந்த வழியாகக் கொழுப்போ குடலோ வெளியே தள்ளுவதுதான் குடலிறக்கம். ஆண்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு வாழ்நாளில் என்றைக்காவது தொடை இடுக்கில் இது வருகிறது. அதனால் அவர் கூச்சப்பட ஒன்றுமில்லை. ஆனால் அங்கே புடைப்பதெல்லாம் குடலிறக்கம் ஆகிவிடாது. நெறி கட்டியிருக்கலாம், கொழுப்புக் கட்டியாக இருக்கலாம், விரைப்பையில் நீர் கோத்திருக்கலாம். இதில் எது என்று யோசிக்கப் படம் உதவும்; முடிவாகச் சொல்ல விரல் வேண்டும். இருமச் சொல்லிவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தால் உள்ளிருந்து வந்து முட்டும். அந்த முட்டலைக் காட்டுகிற போன் இன்னும் வரவில்லை.

சரி, படம் எப்படி எடுப்பது? முக்கால்வாசிப் பேர் கட்டிலில் படுத்துக்கொண்டு எடுத்து அனுப்புகிறார்கள். படுத்தால்தான் அது உள்ளே போய்விடுமே, நான் எதைப் பார்ப்பது? நிற்கச் சொல்லுங்கள். அவரே கையை நீட்டி எடுக்க வேண்டாம், நீங்கள் எடுங்கள். தொப்புளிலிருந்து பாதித் தொடை வரை, இரண்டு பக்கமும் ஒரே படத்தில் வர வேண்டும். இந்தப் பக்கத்தை அந்தப் பக்கத்தோடு வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் போட்டால் எல்லாம் தட்டையாகிவிடும். அரைஞாண் கயிற்றைக் கழற்ற வேண்டாம், மேலே ஏற்றிவிட்டால் போதும். பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்துக்கொண்டால் அளவு புரியும். அப்புறம் ஒரு சின்ன வீடியோ, நின்றபடியே நன்றாக இரண்டு மூன்று முறை இருமட்டும். கடைசியில் படுத்தபின் ஒரு படம். முகம் வேண்டவே வேண்டாம்.

மண்டபத்திலிருந்து ஒருவர் வீடியோ காலில் வந்தார். படகுத்துறையில் ஐஸ் பெட்டி மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டு, நாலடி தள்ளிப் போய் நின்று கைலியை இறக்கப் போனார். பின்னால் ஆட்கள் வலையை உதறிக்கொண்டிருக்கிறார்கள். "அண்ணே, வீட்டுக்குப் போய்க் காட்டுங்க" என்றேன். "இங்கனதான் டாக்டர் டவர் கிடைக்குது" என்றார். கடைசியில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகச் சொன்னேன். அங்கிருந்த நர்ஸ் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, மறு கையை அந்த இடத்தில் வைத்து, "இருமுங்கண்ணே... ம், விரல்ல முட்டுது டாக்டர். அமுக்குனா உள்ள போகுது. கீழ விதைப்பை வரைக்கும் இறங்கலை" என்றார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். டெலிமெடிசினில் எனக்கு நம்பிக்கை உள்ள வகை இது. அந்தப் பக்கம் நோயாளி மட்டும் இல்லாமல், பழகிய கை ஒன்றும் இருக்க வேண்டும். அரசாங்கத்தின் இ-சஞ்சீவனி 2019-ல் தொடங்கியதும் இப்படித்தான், கிராமத்துச் சுகாதார நிலையத்தில் இருப்பவர் அங்கிருந்தபடியே தொலைவில் உள்ள மருத்துவரிடம் கேட்பதற்காக. நோயாளியே வீட்டிலிருந்து பேசுவது 2020 ஊரடங்கில் வந்து சேர்ந்தது.

அப்புறம் அந்த 'ஒரு நாள் தொழில்' கணக்கு. போனைத் தொடாமல் பழைய முறையில் வந்தால் ஒரு நாளோடு முடியாது. சீட்டுப் போட்டு என்னைப் பார்க்க ஒரு நாள், ரத்தம், சிறுநீர், ஈ.சி.ஜி. எடுக்க ஒரு நாள், ரிசல்ட்டோடு மயக்க மருத்துவரைப் பார்க்க ஒரு நாள், ஆபரேஷன், தையல் பார்க்க ஒரு நாள், ஏதோ சந்தேகம் என்று இன்னொரு நாள். இதில் நான் தொட்டுப் பார்க்கிற நாளும் ஆபரேஷனும்தான் நேரில் நடந்தாக வேண்டியவை. மயக்க மருத்துவரையும் நான் தொட்டுப் பார்க்கிற அதே நாளில் பார்த்துவிடலாம். பரிசோதனைகளைப் பக்கத்து அரசு ஆஸ்பத்திரியிலேயே எடுத்து, ரிசல்ட்டைப் படமாக அனுப்பலாம். சர்க்கரை, பிரஷர், ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரை, பழைய ஆபரேஷன், பீடி, விடாத இருமல், சிறுநீர் கழிக்க முக்க வேண்டியிருக்கிறதா, மலச்சிக்கல் உண்டா என்று நான் கேட்கிறதெல்லாம் போனிலேயே முடியும். வயதானவர்களுக்கு அந்தச் சிறுநீர்க் கேள்வி ரொம்ப முக்கியம். புராஸ்டேட் வீங்கி நாள் முழுக்க முக்கிக்கொண்டிருப்பவருக்கு இதை மட்டும் தைத்து அனுப்பினால் என்ன பிரயோஜனம்?

எப்போது செய்துகொள்வது என்பதில் விசைப்படகுக்காரர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், எப்படியும் கரையில்தான் இருக்கப் போகிறார். மார்ச்சிலேயே போனில் பேசி, பரிசோதனைகளை முடித்து, பீடியையும் நிறுத்திவிட்டால் (நான்கு வாரமாவது முன்னால் நிறுத்தினால்தான் நுரையீரலுக்கும் புண் ஆறுவதற்கும் நல்லது), தடை தொடங்கிய முதல் வாரங்களில் ஆபரேஷனை வைத்துக்கொள்ளலாம். குடலிறக்கச் சிகிச்சை பற்றி 2018-ல் வந்த சர்வதேச வழிகாட்டுதல், வலி இல்லாவிட்டால் மூன்று முதல் ஐந்து நாளில் வழக்கமான வேலைகளைத் தொடங்கலாம் என்கிறது. அதை எழுதியவர்கள் நங்கூரம் இழுப்பதை மனதில் வைத்து எழுதியிருக்க மாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். நடை, மாடிப்படி, பைக்கெல்லாம் சீக்கிரமே சரி. வலை இழுப்பது, ஐஸ் பெட்டி தூக்குவது ஆறு வாரம் கழித்து. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஜூன் 15-க்குச் சரியாக வரும்.

அதுவரை தள்ளிப்போட்டால் ஆபத்தில்லையா? தொந்தரவு அதிகம் இல்லாத ஆண்களைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தால் என்ன ஆகிறது என்று 2006-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. குடல் சிக்கி அவசரமாக வந்தவர்கள் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு இரண்டு பேருக்கும் குறைவு. ஆனால் காத்திருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பத்து வருஷத்துக்குள் தாங்களாகவே ஆபரேஷனுக்கு வந்துவிட்டார்கள், பெரும்பாலும் வலி தாங்காமல். ஆக, ஒன்றிரண்டு மாதம் தள்ளுவது சரி, ஆயுசு முழுக்கத் தள்ளுவது நடக்காத காரியம். இந்தக் கணக்கு படுத்தால் உள்ளே போகிற, வலிக்காத புடைப்புக்கு மட்டும்தான். வலி வந்தாலோ, உள்ளே போக மறுத்தாலோ ஏப்ரலைப் பார்க்காதீர்கள்.

'வலை வைத்துத் தைப்பார்களாமே, அது உடம்பில் கிடக்குமா' என்று உங்கள் வீட்டுக்காரர் கட்டாயம் கேட்பார். மீன் வலை அகலமாகக் கிழிந்தால் இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து முடிச்சுப் போட மாட்டாரே, போட்டால் பக்கத்துக் கண்ணி தெறிக்கும். துண்டு வலை வைத்துத்தான் கோப்பார். இங்கேயும் அதேதான். முன்பு தசையை இழுத்துத் தைத்தார்கள், பலருக்குத் திரும்ப வந்தது. இப்போது இழுக்காமல் மேலே ஒரு மெல்லிய வலையை வைத்துத் தைக்கிறோம். விலை அதிகமே என்று மகாராஷ்டிரத்தின் தோண்டாயிச்சா என்கிற சின்ன ஊரில் டாக்டர் டோங்காவ்கர் கொசுவலைத் துணியைக் கிருமி நீக்கிப் பயன்படுத்திக் காட்டினார். உகாண்டாவில் நடந்து 2016-ல் வெளியான ஆய்விலும் அந்த மலிவு வலை விலை உயர்ந்த வலைக்குச் சளைக்கவில்லை. நம் ஊரில் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் அதையும் கையோடு கொண்டுவாருங்கள். இதற்காக மதுரை வரை போக வேண்டாம். ராமநாதபுரத்தில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே இருக்கிறது.

கேள்வி: ஹெர்னியா பெல்ட் போட்டால் ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா? ஆன்லைனில் பார்த்தேன். – வாசகர், திருப்பாலைக்குடி

ஆகாது. ஓட்டையை மூடுகிற வேலையைப் பெல்ட் செய்யாது. குடல் வெளியே இருக்கும்போதே மேலே பெல்ட்டை இறுக்கினால் வேறு வம்பு. ஆபரேஷன் தாங்க முடியாத உடம்புக்காரர்களுக்கு நாங்களே சில சமயம் எழுதித் தருவது உண்டு, படுத்தபடி உள்ளே தள்ளிவிட்டுப் போட வேண்டும். அதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

கேள்வி: நான் துபாயில் வேலை பார்க்கிறேன். கீழக்கரையில் வாப்பாவுக்கு மூன்று நாளைக்கு முன்னால் குடலிறக்க ஆபரேஷன் நடந்தது. இப்போது விதைப்பை முழுக்கக் கருநீலமாக இருக்கிறது என்று உம்மா அழுகிறார்கள். வாட்ஸ்அப்பில் படம் அனுப்பியிருக்கிறார்கள், பார்த்து எனக்கே பதறுகிறது. ஆஸ்பத்திரியில் கேட்டால் 'பத்தாம் நாள் வாங்க' என்கிறார்கள். நான் இங்கிருந்து யாரிடம் கேட்பது? எனக்கும் இதே பிரச்சினை ஆரம்பிக்கிறது போல் இருக்கிறது, உங்களிடமே போனில் காட்டலாமா? – வாசகர்

தம்பி, பதறாதீர்கள். உம்மாவிடமும் சொல்லுங்கள். ஆபரேஷன் செய்த இடத்தில் கசிந்த கொஞ்சம் ரத்தம் தோலுக்கடியில் கீழ்நோக்கி இறங்குகிறது. விதைப்பைத் தோல் மெல்லியது, அதனால் அங்கே போய் நின்று பயங்காட்டும். இரண்டாம் நாள், மூன்றாம் நாள்தான் நன்றாகத் தெரியும். பிறகு பச்சையாகி, மஞ்சளாகி, இரண்டு வாரத்தில் போய்விடும். இந்த நிறத்தைப் பற்றி டிஸ்சார்ஜ் அன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருந்தால் ஒரு குடும்பமே தூக்கம் கெட்டிருக்காது. நாங்கள் ஆபரேஷனை மெனக்கெட்டுச் செய்துவிட்டு, வாசல் வரை வந்து நாலு வார்த்தை சொல்ல மறந்துவிடுகிற கூட்டம்.

நிறத்தைப் பார்க்காதீர்கள், இவற்றைப் பாருங்கள்: காய்ச்சல் 100.4-க்கு மேல் போகிறதா? தையலைச் சுற்றிச் சிவப்பு பரவுகிறதா, சீழ் வருகிறதா? வீக்கம் மணிக்கு மணி பெருத்துக்கொண்டே போகிறதா? சிறுநீர் வராமல் அடிவயிறு உப்பியிருக்கிறதா? விதையில் தாங்க முடியாத வலி இருக்கிறதா? கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலிக்கிறதா, மூச்சு வாங்குகிறதா? வாந்தி வருகிறதா? இதில் ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் பத்தாம் நாளைப் பார்க்காமல் இன்றைக்கே வாப்பாவை அழைத்துப் போகச் சொல்லுங்கள். எல்லாம் இல்லை என்றால் நல்ல ஜட்டி ஒன்றைத் தாங்கலாகப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடமாடட்டும். படுத்தே கிடப்பதுதான் வயதானவர்களுக்குக் கெடுதல்.

இன்னும் சில நாளில் அதே இடத்தில் மறுபடி ஒரு புடைப்பு வந்து, 'திரும்ப வந்துருச்சு' என்று உம்மா இன்னொரு முறை அழக்கூடும். முன்பு குடல் பிதுங்கிய இடத்தில் நீர் கோப்பது அது. படுத்தாலும் போகாது, இருமினால் முட்டாது, பெரிதாக வலிக்காது. ஆறு, எட்டு வாரத்தில் தானாக வற்றும். யாராவது ஊசி போட்டு உறிஞ்சித் தருகிறேன் என்றால் விடாதீர்கள். சும்மா கிடக்கிற நீரில் கிருமியைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற வேலை அது.

ஆபரேஷனுக்குப் பிந்திய இந்தக் கேள்விகளுக்குப் போன் போல ஒரு வசதி கிடையாது. குடலிறக்கச் சிகிச்சையில் டெலிமெடிசின் நிஜமாகப் பயன்படுகிற இடம் இதுதான் என்பேன். கலிஃபோர்னியாவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரி ஒன்றில் ஆபரேஷன் முடிந்தவர்களை நேரில் வரச் சொல்லாமல் போனில் விசாரித்துப் பார்த்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் போன் பேச்சே போதுமாக இருந்தது. பேசியதும் அறுவை மருத்துவர் இல்லை, பயிற்சி பெற்ற உதவியாளர்தான். கீழக்கரையிலிருந்து ஆட்டோவில் மேடு பள்ளமெல்லாம் குலுங்கி வந்து, அரை நாள் காத்திருந்து, 'நல்லா இருக்கு, போங்க' என்று கேட்டுவிட்டுப் போவதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் யார் ஆபரேஷன் செய்தாரோ அவரிடம்தான் முதலில் கேட்க வேண்டும். உள்ளே என்ன பார்த்தார், என்ன வைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். டிஸ்சார்ஜ் சீட்டில் போன் நம்பர் இல்லையென்றால் கேட்டு வாங்குங்கள். வாப்பா, உம்மா, நீங்கள், டாக்டர் என்று எல்லாரும் ஒரே காலில் இருந்தால் நல்லது. துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால், சாயங்காலம் வைத்துக்கொண்டால் எல்லாருக்கும் தோதுப்படும். வாப்பாவே பக்கத்தில் உட்கார்ந்து தன் வாயால் பேச வேண்டும். உங்களுக்குப் படம் அனுப்பி, நீங்கள் விவரித்து, நான் பதில் சொல்வது சரிப்படாது.

உங்கள் விஷயம் வேறு. நம் நாட்டு டெலிமெடிசின் வழிகாட்டுதல்கள் 2020 மார்ச் 25-ல் வந்தன. இந்திய எல்லைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வைத்தியம் பார்ப்பது அவற்றில் சேராது. நீங்கள் அங்கே லைசென்ஸ் உள்ள மருத்துவரைப் பாருங்கள், அல்லது லீவில் வரும்போது காட்டுங்கள். விமானத்தில் பெட்டி தூக்குவதை மட்டும் வேறு யாரிடமாவது விடுங்கள்.

கேள்வி: எங்கள் அம்மா பாம்பன் சின்னப்பாலத்தில் பாசி எடுக்கப் போகிறவர். தொடை இடுக்கு மடிப்புக்குக் கொஞ்சம் கீழே நெல்லிக்காய் அளவில் ஒரு கட்டி. படுத்தாலும் உள்ளே போகவில்லை. லேசாக வலிக்கிறது என்கிறார். ஆம்பளை டாக்டரிடம் காட்ட மாட்டேன், போட்டோவும் எடுக்க விட மாட்டேன் என்று பிடிவாதம். என்ன செய்வது?

போட்டோவே வேண்டாம் மகளே. நீங்கள் எழுதியதே போதும், அம்மாவை இந்த வாரமே நேரில் அழைத்துப் போங்கள்.

மடிப்புக்குக் கீழே, சின்னதாக, உள்ளே போகாமல், பெண்ணுக்கு. இந்த நான்கும் சேர்ந்தால் தொடைக் குடலிறக்கமோ என்று பயப்பட வேண்டும். அது இறங்கும் வழி குறுகலானது, சுற்றிலும் விட்டுக்கொடுக்காத விறைப்பான தசைநார். அளவு சின்னதுதானே என்று விட்டுவிடுவார்கள், ஆனால் குடல் சிக்கிக்கொள்வது இதில்தான் அதிகம். மேலே தங்கச்சிமடத்துக்காரருக்குச் சொன்ன 'காத்திருக்கலாம்' கணக்கு ஆண்களுக்கு, அதுவும் மடிப்புக்கு மேலே வருவதற்கு. பெண்களுக்குத் தொடை இடுக்கில் குடலிறக்கம் என்றால் தள்ளிப்போடுவதே இல்லை. ஒருவேளை நெறியாகவே இருக்கட்டும். பாசி எடுப்பவர்களுக்குப் பாறையும் சிப்பியும் கிழித்த புண் காலில் இல்லாத நாள் ஏது? அதனாலும் நெறி கட்டலாம். எது என்பதைத் தொட்டும், தேவைப்பட்டால் ஸ்கேனிலும்தான் சொல்ல முடியும்.

அம்மாவின் கூச்சத்தை நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் பகுதிக் கிராம சுகாதார செவிலியரிடம் முதலில் காட்டுங்கள், அவர் பெண்தான். அவர் பார்த்துவிட்டு எங்களில் ஒரு பெண் மருத்துவரிடம் போனில் பேசட்டும், எந்த நாள், யாரிடம் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள். ஆண் மருத்துவரே பார்த்தாலும் ஒரு பெண் செவிலியர் கூட இருக்க வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம், அது உரிமை.

படம் எடுக்க மறுக்கிறாரே என்று அலுத்துக்கொள்கிறீர்கள். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. வீட்டில் ஒரே போன், அதில் பேரன் கேம் விளையாடுகிறான். எடுத்த படம் கேலரியில் உட்கார்ந்திருக்கும், சில போன்களில் தானாகவே இணையத்தில் ஒரு நகல் ஏறிவிடும். அனுப்பியபின் இரண்டு இடத்திலும் அழிக்க வேண்டும். எந்த டாக்டருக்கு அனுப்புகிறோம், அவர் சொந்த போனா, ஆஸ்பத்திரி போனா, வேறு யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டு அனுப்புங்கள். ஊர் வாட்ஸ்அப் குழுவில் 'இது என்னவென்று யாராவது சொல்லுங்கள்' என்று போடுகிற வேலை மட்டும் வேண்டாம். போட்டிருக்கிறார்கள், அதனால்தான் சொல்கிறேன்.

கேள்வி: என் பேரனுக்கு ஐந்து மாதம். தொப்புள் துருத்திக்கொண்டிருக்கிறது. ஒரு ரூபாய்க் காசை வைத்துக் கட்டச் சொல்கிறார்கள். – பாட்டி, தேவிபட்டினம்

காசை உண்டியலில் போடுங்கள் ஆத்தா. தொப்புள் வழியாக வருவது பெரும்பாலும் நாலைந்து வயதுக்குள் தானாக மூடிக்கொள்ளும். காசு வைத்துக் கட்டினால் புண்தான் வரும். ஆனால் தொடை இடுக்கிலோ விதைப்பையிலோ புடைப்பு வந்தால் அது வேறு, குழந்தைகளுக்கு அதைத் தள்ளிப்போடக் கூடாது. அழும்போது வரும், எங்களிடம் தூக்கி வரும்போது சிரித்துக்கொண்டிருப்பான், ஒன்றும் தெரியாது. அதனால் அழும்போது அவன் அம்மாவைப் போனில் ஒரு வீடியோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். குழந்தை அறுவை மருத்துவர்களுக்கு அது பெரிய உதவி.

கேள்வி: எங்கேயோ இருந்துகொண்டு ரோபோ மூலம் ஆபரேஷன் செய்கிறார்களாமே, இனி நாங்கள் ஊரை விட்டே வர வேண்டாமா? – கல்லூரி மாணவர், பெரியபட்டினம்

2001 செப்டம்பரிலேயே செய்துவிட்டார்கள் தம்பி. ஜாக் மாரெஸ்கோ குழுவினர் நியூயார்க்கில் உட்கார்ந்துகொண்டு பிரான்ஸின் ஸ்ட்ராஸ்பூர்கில் படுத்திருந்த பெண்ணின் பித்தப்பையை எடுத்தார்கள். அன்றைக்கும் நோயாளி பக்கத்தில் மருத்துவர்கள் நின்றுகொண்டுதான் இருந்தார்கள். நான் மேலே சொன்ன 2020 வழிகாட்டுதல்கள், தொலைவிலிருந்து கத்தி வைப்பதைத் தங்கள் எல்லைக்குள் சேர்க்கவே இல்லை. உங்கள் ஊரில் ரோபோ வருவதற்கு முன்னால் கரண்ட் போகாமல் இருக்கட்டும், அப்புறம் பேசலாம்.

கேள்வி: ஒரு ஆப்பில் பணம் கட்டி டாக்டரிடம் பேசினேன். ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு 'நேரில் போய்க் காட்டுங்கள்' என்று சொல்லிவிட்டார். இது ஏமாற்று வேலை இல்லையா? – வாசகர், சாயல்குடி

கோபம் புரிகிறது, ஆனால் அவர் சரியாகத்தான் செய்திருக்கிறார். போனில் முடியாது என்று தோன்றினால் நேரில் அனுப்புவது மருத்துவரின் கடமை என்றே விதி சொல்கிறது. நீங்களும் நடுவில் நிறுத்திவிட்டு 'நேரிலேயே வருகிறேன்' என்று சொல்லலாம். பணம் திரும்ப வருமா என்பதை அந்த ஆப்பில் பேசத் தொடங்குவதற்கு முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஐந்து நிமிடத்தில் புடைப்பைப் பார்க்காமலேயே மூன்று மாத மாத்திரையும் ஒரு பெல்ட்டும் எழுதித் தந்திருந்தால்தான் ஏமாற்று என்பேன். குடலிறக்கத்தைக் கரைக்கிற மாத்திரை எதுவும் கிடையாது. மருந்துச் சீட்டில் மருத்துவரின் பெயரும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். காசு கட்ட மனமில்லை என்றால் இ-சஞ்சீவனி இலவசம்.

கேள்வி: நாங்கள் நாட்டுப்படகில் ராத்திரி தங்கித் தொழில் பார்க்கிறவர்கள். கூட வருகிற ஒருவருக்குக் குடலிறக்கம் இருக்கிறது. போன வாரம் கடலிலேயே அது வெளியே வந்து கல் மாதிரி ஆகிவிட்டது. கொஞ்ச நேரத்தில் தானாக உள்ளே போனது. மறுபடி அப்படி ஆனால் உங்களுக்குப் போன் செய்தால் எப்படி உள்ளே தள்ளுவது என்று சொல்லித் தருவீர்களா? – வாசகர், மூக்கையூர்

மாட்டேன் அண்ணே. முதலில், ஒரு தடவை அப்படி ஆனவர் அடுத்த தடவை கடலுக்கே வரக்கூடாது. இந்த வாரமே ஆஸ்பத்திரி. அவர் இல்லாமல் ஒரு ஆள் குறைந்து தொழிலுக்குப் போவது கஷ்டம்தான், தெரியும்.

கல் மாதிரி இறுகுவது, தொட்டாலே வலிப்பது, வாந்தி, வயிறு உப்புவது, காற்றே பிரியாமல் இருப்பது, மேல்தோல் சிவப்பது. இவை வந்தால் குடல் சிக்கிவிட்டது, ரத்த ஓட்டம் நிற்கப் போகிறது என்று அர்த்தம். குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். ஏற்கெனவே கெட்டுப்போன குடலைத் தெரியாமல் உள்ளே தள்ளிவிட்டால், வெளியே புடைப்பு போயிருக்கும், உள்ளே விஷம் பரவும். அதனால்தான் தள்ளச் சொல்லிப் போனில் பாடம் எடுக்க மாட்டேன்.

படகைக் கரைக்குத் திருப்புங்கள். அவரை முழங்காலை மடக்கிப் படுக்க வையுங்கள். சிக்னல் கிடைத்ததும் முதல் போன் 108-க்கு, எந்தத் துறையில் இறங்குவீர்கள் என்று தெளிவாகச் சொல்லி வண்டியை அங்கேயே வரச் சொல்லுங்கள். ரொம்பத் தூரத்தில் மாட்டிக்கொண்டால் கடலோரக் காவல் படைக்கு 1554. ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கே நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள், வழியில் ஊசி போட்டுக்கொள்ள எங்கும் நிறுத்த வேண்டாம். சோறு, தண்ணீர், டீ எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டிவரும். கடைசியாக எப்போது சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வலி தொடங்கியது, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை யாராவது ஒருவர் நினைவில் வைத்துக்கொண்டு கூடவே போங்கள். எனக்குப் போன் போடுவதென்றால் இவ்வளவும் செய்து முடித்துவிட்டு ஆம்புலன்ஸில் ஏறியபிறகு போடுங்கள், நான் அந்த ஆஸ்பத்திரிக்குச் சொல்லி வைக்கிறேன்.